கடன் கொப்பியும் கைத்தொலைபேசியும்

2014 ஆம் ஆண்டு மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை, நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்வதற்கும் பாதை வரும்வரை துறையில் காத்துக் கிடந்த ஊர்கள் படுவான்கரையில் பல. இன்று அதே ஊர்களுக்குப் பொதி கொண்டுவரும் மோட்டார் சைக்கிள் வருகின்றது. பிள்ளையின் சப்பாத்து, நீரிறைக்கும் இயந்திரத்தின் உதிரிப்பாகம், மத்திய கிழக்கில் வேலை செய்யும் தாய் அங்கிருந்தே பார்த்துத் தெரிந்தெடுத்த ரைஸ் குக்கர் என்று பலதும் வாசலுக்கே வந்து சேருகின்றன. எழுவான்கரையில் குருக்கள்மடம், செட்டிபாளையம், களுதாவளைப் பக்கங்களிலும் இதே காட்சிதான். இதைக் கண்டு, காலம் கெட்டுவிட்டது என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். நான் அவர்களோடு சேரமாட்டேன். ஏழையின் வீட்டுக்குப் பொதி வரக்கூடாது என்று எந்த வேதத்திலும் எழுதவில்லை.

என் கவலை வேறு. கையில் காசு இருக்கும்போது கைத்தொலைபேசியில் வாங்குவது, காசு இல்லாதபோது ஊர்க்கடையில் கொப்பியில் எழுதச் சொல்வது என்ற பழக்கம் எம்மிடையே மெல்ல வேரூன்றி வருகின்றது. இது கடைக்காரருக்குச் செய்யும் அநீதி. அதைவிட, எமக்கு நாமே தோண்டும் குழி. பொருள் வாங்குவதும் ஓர் அறநெறிச் செயலே என்று 2009 இல் திருத்தந்தை 16ஆம் ஆசீர்வாதப்பர் தமது சுற்றுமடலில் நினைவூட்டினார். மறையுரைக்கு உரிய விடயம் என்று அதனை ஒதுக்கிவிடாமல், கணக்காகவே போட்டுப் பார்ப்போம்.

வெள்ளாமை செய்யும் குடும்பத்துக்குக் காசு வருவது வருடத்தில் ஒரு முறை, நீர் கிடைத்தால் இரண்டு முறை. மாரிப்போகத்துக்கு ஐப்பசியில் விதைத்தால், மாசி, பங்குனியில் வெட்டிச் சூடடித்து விற்றால்தான் காசைக் காணலாம். இடையில் வருவது கார்த்திகை, மார்கழி, தை. அதாவது மழை, வெள்ளம், கூலி வேலையும் இல்லாத நாட்கள். அந்த மூன்று மாதமும் அடுப்பு எரிவது கடன் கொப்பியால். அரிசி, சீனி, தேயிலை, மண்ணெண்ணெய், குழந்தையின் பால்மா எல்லாம் அதில் ஏறுகின்றன.

இந்தக் கொப்பியைக் கடைக்காரர் எப்படித் தாங்குகிறார்? அவருக்கும் களுவாஞ்சிகுடியிலோ கல்முனையிலோ இருக்கும் மொத்த வியாபாரி சில வாரத் தவணைக்கு மேல் பொறுப்பதில்லை. அவரைத் தாங்குவது ரொக்க வியாபாரம். சவர்க்காரம், பிஸ்கட், கொப்பி, பேனை, மின்குமிழ், றப்பர்ச் செருப்பு, பெருநாளுக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரை. இவற்றில் அன்றாடம் விழும் காசைச் சுழற்றித்தான், அரிசியும் சீனியும் மூன்று மாதம் கடனில் நிற்பதை அவர் சமாளிக்கிறார். இப்போது அந்தச் செருப்பும் மின்குமிழும் கதிரையும் கைத்தொலைபேசிக்குப் போய்விட்டன. கொப்பி மட்டும் கடையில் மிஞ்சியிருக்கிறது. ரொக்கம் வராத கடை எத்தனை மாரி நிற்கும்? மொத்த வியாபாரியிடம் தவணை தவறினால் அடுத்த மூட்டை வராது. கடை பூட்டப்படும். தையில் அரிசி தேடும் குடும்பம் கைத்தொலைபேசியைத் திறந்தால், அது அட்டை இலக்கம் கேட்கும், அல்லது பொதியைக் கையளிக்கும்போது முழுக்காசு கேட்கும். அறுவடை வரை பொறுத்திரு என்ற சொல் அதற்கு விளங்காது.

இடம்பெயர்ந்து அலைந்த எமக்கு இது தெரியாத விடயமல்ல. 2007 ஆம் ஆண்டு மார்ச் மாதம் படுவான்கரையில் எறிகணை விழத் தொடங்கியபோது மக்கள் உடுத்த துணியோடு வாவியைக் கடந்து வந்தார்கள். மட்டக்களப்பு மாவட்டத்தில் இடம்பெயர்ந்தோர் தொகை ஒரு இலட்சத்தைத் தாண்டியது. உலக உணவுத் திட்டத்தின் உலர் உணவு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் வந்தது உண்மை. ஆனால் பதிவு முடிந்து அட்டை கிடைக்கும்வரை பல குடும்பங்களின் அடுப்பு எரிந்தது, முகாமுக்கு அருகிலிருந்த சிறு கடைகளில் சொல்லை நம்பிக் கொடுத்த அரிசியில். அவ்வாண்டு மே மாதம் மீள்குடியேற்றம் தொடங்கித் திரும்பிப் போனபோதும், பாடசாலைக்கு முன்னரே, தபாற் கந்தோருக்கு முன்னரே திறந்தது தகரம் போட்ட ஒரு கடைதான். 2020 மார்ச் ஊரடங்கின்போது கொழும்பில் இருந்தவர்கள் பெரிய கடைகளுக்குக் கைத்தொலைபேசியில் சொல்லி எடுப்பித்தார்கள். எமது ஊர்களுக்கு அந்த வண்டிகள் வரவில்லை. 2022 ஜூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகள் தவிர்ந்தோருக்கு எரிபொருள் விற்பனை நிறுத்தப்பட்ட நாட்களில் பொதி வண்டிக்கும் பெற்றோல் இல்லை. கடைக்காரர் சைக்கிளில் மூட்டை கட்டி வந்தார்.

இவ்வளவும் சொன்னதால் கடைக்காரர் எல்லோரும் புனிதர் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். கொப்பியில் ஏறும் விலை ரொக்க விலையைவிடக் கூடியது என்பது எல்லோருக்கும் தெரியும். எழுதியதைக் காட்டாத கொப்பிகளும் உண்டு. கடனுக்குப் பதிலாகக் களத்திலேயே நெல்லை அளந்து, தாம் சொன்ன விலைக்கு எடுத்துச் செல்வோரும் உண்டு. அது வியாபாரமல்ல, குத்தகையில்லாத போடியார்த்தனம். கணவனை இழந்த பெண் பத்துப் பேர் முன்னிலையில், பழைய கணக்கைத் தீர்த்துவிட்டு வா என்று கேட்டுத் திரும்பும்போது, அவள் மனதில் அந்தக் கடை செத்துவிடுகின்றது. பெண் பிள்ளைகளுக்குத் தேவையான பொருளை ஆண்கள் நிறைந்த கடையில் கேட்கக் கூசுபவர்களும் இருக்கிறார்கள். முகம் தெரியாத கைத்தொலைபேசி இவர்களுக்கு ஓர் ஆறுதல்.

இது புதிய கதையுமல்ல. அமெரிக்காவில் 1872 இல் மொன்ட்கொமரி வார்ட் என்பவர் சிக்காகோவிலிருந்து விலைப்பட்டியல் அச்சிட்டு விவசாயிகளுக்கு அனுப்பித் தபாலில் பொருள் விற்கத் தொடங்கினார். பின்னர் சியர்ஸ் நிறுவனத்தின் பட்டியல் புத்தகம் நாட்டுப்புற வீடுகள் தோறும் போயிற்று. 1913 இல் அரச தபால் பொதிச் சேவை வந்ததும் அது இன்னும் பெருகியது. ஊர்க் கடைக்காரர்கள் கொதித்தெழுந்து, அந்தப் புத்தகங்களைச் சேர்த்துத் தீயிட்ட இடங்களும் உண்டு. ஆனால் தென் மாநிலங்களில் கறுப்பின விவசாயிகள் அதே புத்தகத்தை வரவேற்றார்கள். அவர்கள் வாழ்ந்த ஊரில் கடை வெள்ளையருடையது, கடனும் அங்கேதான், பருத்தி விளைச்சல் அந்தக் கடனுக்கு ஈடு. வெள்ளையர் அனைவரும் வாங்கி முடியும்வரை அவர்கள் ஒதுங்கி நிற்க வேண்டும். தபாலில் எழுதிக் கேட்டால் அந்த அவமானம் இல்லை, விலையும் எல்லோருக்கும் ஒன்று. ஊர்க்கடை மக்களை அவமதித்தால், மக்கள் தூரத்துக் கடையைத் தேடுவார்கள். எமது கடைக்காரர்கள் இதனை வாசித்தால் நல்லது.

இங்கே வேறு ஒரு விடயத்தையும் சொல்லாமல் விட முடியாது. 1990 ஜூலை மாதம் இதே குருக்கள்மடத்தில், பிரதான வீதியால் ஊர் திரும்பிக் கொண்டிருந்த முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் மறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தவர்கள் சுடப்பட்டார்கள். செப்டெம்பர் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் தமிழ்க் குடும்பங்கள் இராணுவத்தினரால் கொல்லப்பட்டன. அதன் பின் ஒருவர் ஊருக்கு மற்றவர் போக அஞ்சிய காலம் நீண்டது. சமாதானக் குழுக்கள் அமைத்தோம், கூட்டங்கள் வைத்தோம். அவை பயனற்றவை என்று சொல்லமாட்டேன். ஆனால் காத்தான்குடிக் கடையில் விலை பேசி வெட்டி வாங்கிய துணியும், நெல் பார்க்க வந்த முஸ்லிம் வியாபாரி வட்டையில் இருந்து குடித்த தேநீரும் செய்த வேலையை எந்தக் கூட்டமும் செய்யவில்லை. 2019 ஏப்ரல் 21 இல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பின்னர், அவர்களிடம் வாங்காதீர்கள் என்ற பேச்சு நாடெங்கும் எழுந்தது. அப்போதும் அதை உடைத்தது கொடுக்கல் வாங்கல்தான். கைத்தொலைபேசியில் வாங்கும்போது விற்பவர் யார் என்று தெரியாது. கூனிக் குறுகி நிற்கும் விதவைக்கு அது நல்லது. அயலவரோடு பகை தீர வேண்டிய ஊருக்கு அது போதாது.

இனிக் கைத்தொலைபேசியில் வாங்குவோருக்குச் சில வார்த்தைகள். தராஸ் போன்ற பெரிய நிறுவனங்களிடம் ஒரு முறைமை இருக்கிறது. அது 2016 இல் இலங்கைக்கு வந்து, 2018 இல் சீனாவின் அலிபாபா வசமானது. (காசு வெளியே போகிறதே என்று கவலைப்படுவோர் கவனிக்க: ஊர்க்கடைச் சவர்க்காரமும் ஊரில் காய்ச்சியதல்ல.) ஏமாற்று நடப்பது பெரும்பாலும் முகவரியில்லாத முகநூல் பக்கங்களில். படத்தில் ஒன்று, பொதியில் இன்னொன்று. பல வேளைகளில் காசைக் கொடுத்த பின்னரே பொதியைப் பிரிக்க விடுவார்கள். ஆகவே விற்பவரின் முகவரியும் தொலைபேசி இலக்கமும் இல்லாத இடத்தில் முற்பணம் அனுப்ப வேண்டாம். பொதியைப் பிரிக்கும்போது பிள்ளைகளைக் கொண்டு படம் எடுத்து வையுங்கள். பற்றுச்சீட்டைத் தவறாமல் கேளுங்கள். 2003 ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் எமக்காகவும்தான் இயற்றப்பட்டது. அதிகாரசபையின் முறைப்பாட்டு இலக்கம் 1977. ஊர்க்கடையில் காலாவதியான பால்மா கொடுத்தாலும் இதே இலக்கம்தான்.

பூச்சிநாசினியை மட்டும் எக்காரணம் கொண்டும் இவ்வாறு வாங்காதீர்கள். 1980 ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் அனுமதி பெற்றவரே அதனை விற்கலாம். போத்தலில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் வயலுக்கு அடித்தால் போகம் போய்விடும். விதைநெல்லும் அப்படியே. அதற்குக் கமநல சேவை நிலையமும், கையில் அள்ளிப் பார்க்கக்கூடிய அயல் விவசாயியும் இருக்கிறார்கள். மாறாக, பழைய நீரிறைக்கும் இயந்திரத்துக்கு ஒரு உதிரிப்பாகம் பட்டினத்தில் கிடைக்காவிட்டால், அல்லது இரு மடங்கு விலை சொன்னால், தயங்காமல் கைத்தொலைபேசியில் எடுப்பியுங்கள். ஊர்க்கடைக்கு அதனால் ஒரு சதமும் நட்டமில்லை.

கடன் கொப்பிக்கு வழி என்ன? 1844 டிசெம்பரில் இங்கிலாந்தின் றொச்டேல் என்ற ஊரில் 28 தொழிலாளர் சேர்ந்து ஒரு சிறு கடை திறந்தார்கள். மா, வெண்ணெய், சீனி, ஓட்ஸ் மா, மெழுகுதிரி. உலகக் கூட்டுறவு இயக்கம் இதனையே தன் பிறப்பாகச் சொல்கின்றது. அவர்களுடைய விதிகளில் ஒன்று, கடன் இல்லை என்பது. அதற்கு முன் தோன்றிய பல கூட்டுறவுக் கடைகள் கடன் கொடுத்தே மூழ்கியதை அவர்கள் கண்டிருந்தார்கள். ஏழைகள் தாமே நடத்திய கடை ஏழைக்குக் கடன் மறுத்தது கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் அதில் ஒரு புத்தி இருக்கிறது. விற்பவரும் கடன் கொடுப்பவரும் ஒரே ஆளாக இருக்கும்போதுதான் கொப்பி விலை கூடுகின்றது, களத்தில் நெல்லும் போகின்றது.

எமது நாட்டில் 1911 ஆம் ஆண்டிலிருந்தே கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குச் சட்டம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பண்டகசாலைச் சங்கங்கள் எங்கும் பரவின. 1957 இல் பலநோக்குச் சங்கங்கள் வந்தன. 1977 க்குப் பின் திறந்த பொருளாதாரத்தோடு அவை தளர்ந்தன, போர் மிச்சத்தையும் சிதைத்தது. ஆயினும் எமது கிராமங்களில் சிக்கன கடனுதவிச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் இன்னும் கிழமைக்கு ஒருமுறை கூடுகின்றன. அறுவடைக் காலத்தில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு தொகையைச் சங்கத்தில் போட்டு, கார்த்திகையில் சங்கத்திடம் மாரிக்கடன் எடுத்து, அந்தக் காசோடு ஊர்க்கடைக்குப் போனால் அங்கே ரொக்க விலைக்கு வாங்கலாம். கடைக்காரர் மொத்த வியாபாரிக்குத் தவணை தவறமாட்டார். வட்டி சங்கத்துக்கே திரும்பும், அதாவது எமக்கே. நுண்கடன் நிறுவனங்களின் ஆட்கள் வாசலில் வந்து நின்ற காலத்தை அனுபவித்த பெண்களுக்கு இதன் பெறுமதியை நான் விளக்கத் தேவையில்லை.

கைத்தொலைபேசிப் பொருளையும் சங்கம் கூடியே எடுப்பிக்கலாம். பத்துக் குடும்பத்துக்குப் பத்துப் பொதி, பத்து விநியோகக் கட்டணம் என்றில்லாமல், தேவைகளைச் சேர்த்து ஒன்றாகச் சொன்னால் கட்டணம் குறையும், ஒருவர் ஏமாற்றப்பட்டால் பத்துப் பேர் சேர்ந்து முறையிடலாம். பொதியை வாங்கி வைக்கும் இடமாக ஊர்க்கடையையே வைத்து, பொதிக்கு ஒரு சிறு தொகை கடைக்காரருக்குக் கொடுத்தால் அவருக்கும் இதில் பங்கு உண்டு. விதைப்புக்கு முன் கூடும் சங்கங்கள் இதனை நிகழ்ச்சிநிரலில் சேர்த்துக் கொள்ளட்டும். அந்தக் கூட்டத்துக்குக் கடைக்காரரையும், கொப்பியோடு வரும்படி அழையுங்கள்.