பெயர்ப்பட்டியல் காடாகாது

உண்ணிக்கொக்கு என்னும் பெயரிலேயே ஓர் உறவு பதிந்துள்ளது. அப்பறவை பெரிதும் தின்பது மேயும் மாட்டின் காலடியில் துள்ளியெழும் வெட்டுக்கிளியையும் ஈயையுமே. ஆயினும் மாட்டையும் பறவையையும் சேர்த்துக் கண்டே மக்கள் பெயரிட்டனர். பெருந்திட்டங்களுக்கான சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகளோ பெரும்பாலும் உயிரினங்களைத் தனித்தனியே எண்ணி, வரிசை எண்ணிட்டு முடித்துவிடுகின்றன.

இதன் விலையைப் பெரிய நிக்கோபார் காட்டுகிறது. மீரா அன்னா உம்மனும் கார்த்திக் சங்கரும் 2010இல் ‘பயாலஜி லெட்டர்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இலைகளுக்கிடையே இரை தேடும் நிக்கோபார் மர மூஞ்சூற்றைத் துடுப்புவால் கரிச்சான் பின்தொடர்கிறது. வல்லூறு இனப் பறவையொன்றும் அக்கூட்டில் சேர்கிறது. மூஞ்சூற்றை வேட்டையாடக்கூடிய பறவை அதனுடனேயே இரை தேடுகிறது. இக்கூட்டின் மையம் மர மூஞ்சூறே என்பது அவ்வாய்வின் கருத்து.

அத்தீவின் பெருந்திட்டத்திற்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. 130 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட காடு இதற்காக மாற்றப்படவுள்ளது. ஈடாகக் காடு வளர்க்கக் குறிக்கப்பட்ட இடங்களுள் ஒன்று ஹரியானா!

துடுப்புவால் கரிச்சான் ஆசியாவின் பல காடுகளில் உண்டு, அதற்கென்ன இழப்பு என்பர் சிலர். நிக்கோபார் மர மூஞ்சூறு பெரிய நிக்கோபாரிலும் சிறிய நிக்கோபாரிலும் மட்டுமே வாழ்வது. அது குன்றினால் கரிச்சான் பட்டியலில் நீடிக்கும். அவ்விரண்டும் கூடி இரை தேடும் வழக்கம் உலகில் வேறெங்கும் எஞ்சாது. தீவின் பெரும்பகுதி பசுமையாகவே இருக்கும் என்ற வாதமும் இக்கேள்வியைத் தொடவில்லை. பரப்பளவைக் கணக்கிடலாம், எஞ்சும் துண்டில் யார் யாரைப் பின்தொடர்வர் என்பதைக் களத்தில் நின்றே அறிய முடியும்.

கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டை அறிந்தோர்க்கு இது எளிதில் விளங்கும். தமிழ்க் குடும்பங்கள் குடியேறியதால் காப்பித்தூளும் வாழையிலையும் கறிவேப்பிலையும் அங்கு விலைபோயின. அவை கிடைத்ததால் மேலும் குடும்பங்கள் வந்தன. கடைகளின் பெயர்களை எழுதிக்கொண்டு போய் வேறோர் ஊரில் அவற்றைத் திறந்தால் அது லேக் மார்க்கெட் ஆகிவிடுமா?

1916இல் தொடங்கிய இந்திய விலங்கியல் அளவைத் துறையின் தலைமையகம் அதே நகரில்தான் உள்ளது. எந்த இனம் எதனுடன் உண்கிறது, ஒன்று போனால் மற்றொன்றின் இரை எவ்வளவு குறைகிறது என்னும் தரவின்றி எந்த மதிப்பீடும் முழுமையாகாது என்று சொல்லும் கடமை அத்துறைக்கும், மதிப்பீடுகளைப் பரிசீலிக்கும் ஒவ்வோர் ஆய்வாளருக்கும் உண்டு. மரங்கள் விழுந்தபின் அத்தரவைத் திரட்ட வழியில்லை.