விலைக்காக முகத்தை வருத்தலாமா?

சம்பளம் போட்ட வாரத்தில் பேரங்காடிக்குப் போனால், ஒப்பனைப் பொருள் பகுதியைச் சும்மா கடந்து வருவது சிரமம்தான். 250 வெள்ளி கொடுத்து ஒரு ஃபவுண்டேஷன் வாங்குகிறோம். இரண்டாம் நாள் கன்னம் சிவக்கிறது, மூன்றாம் நாள் அரிக்கிறது. அப்போதும் பலர் நிறுத்துவதில்லை. "இவ்வளவு காசு கொடுத்தாச்சே, போகப் போகப் பழகிவிடும்" என்று பூசிக்கொண்டே இருக்கிறார்கள்.

ஒவ்வாமை பழகிப் போகாது. பூசப் பூச வலுக்கும்.

பூசிய சிறிது நேரத்திலேயே எரிந்தால், அந்தப் பொருள் தோலை உறுத்துகிறது என்று பொருள். வறண்ட தோலுக்கும், ரெட்டினால் போன்றவற்றைப் பூசுபவர்களுக்கும் இது எளிதில் வரும். ஒன்றிரண்டு நாள் கழித்து அரிப்பும் தடிப்பும் வந்தால் ஒவ்வாமையாக இருக்கலாம். பல மாதம் பூசிய பொருளுக்கும் திடீரென ஒவ்வாமை வருவதுண்டு.

விலை கூடினால் தோலுக்கு நல்லது என்பதில்லை. நாம் கொடுக்கும் பணத்தில் புட்டிக்கும் விளம்பரத்துக்கும் பங்குண்டு. பெரும்பாலும் ஒவ்வாமையைக் கிளப்புபவை வாசனைப் பொருள்களும், கெடாமல் இருக்கச் சேர்க்கும் இரசாயனங்களும்தான். இவை 20 வெள்ளிப் பொருளிலும் இருக்கும், 250 வெள்ளிப் பொருளிலும் இருக்கும். 'இயற்கையானது' என்ற சொல்லை நம்பியும் ஏமாறாதீர்கள். லாவெண்டர் எண்ணெயும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

நம்மைப் போன்ற மாநிறத் தோலுக்கு இன்னொரு கவலையும் உண்டு. அரிப்பு அடங்கிவிடும். அது விட்டுச் செல்லும் கருந்திட்டு மறைய மாதக்கணக்காகும். அதை மறைக்க மீண்டும் ஒப்பனை, மீண்டும் செலவு!

அதனால் எரிச்சல் தெரிந்ததும் கழுவிவிட்டு நிறுத்துங்கள். சில நாள்களுக்கு வாசனையில்லாத, சாதாரண ஈரப்பதக் களிம்பு போதும். வீட்டில் கிடக்கும் ஸ்டீராய்டு களிம்பை நீங்களாகவே முகத்தில் பூசாதீர்கள். கண் இமை வீங்கினாலோ கொப்புளம் வந்தாலோ கிளினிக்குக்குப் போய்விடுங்கள். மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனைக்கு. மீதமுள்ளதைத் தங்கை தலையில் கட்டவும் வேண்டாம்.

பெட்டியையும் இரசீதையும் வைத்திருங்கள். முகத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்காக எல்லாக் கடைகளும் பணத்தைத் திருப்பித் தருவதில்லை. ஆனால், காலாவதியான பொருளை விற்றிருந்தாலோ, பொய்யான உறுதி கொடுத்திருந்தாலோ விட்டுவிடாதீர்கள். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி, 50,000 வெள்ளி வரை இழப்பீடு கோரலாம். இணையத்தில் வாங்கும்போது, தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்திடம் அந்தப் பொருள் பதிவாகியுள்ளதா என்று அதன் இணையத்தளத்தில் பார்த்துவிடுங்கள்.

அடுத்த முறை, முதலில் சிறிய மாதிரி கேளுங்கள். முழங்கையின் உட்புறத்தில் தினம் இருமுறை, ஏழு முதல் பத்து நாள் பூசிப் பாருங்கள். கை சிவக்காவிட்டால் முகத்துக்குக் கொண்டு போகலாம். தீபாவளிக்கோ திருமணத்துக்கோ புதிதாக வாங்குகிறவர்கள், இந்தப் பத்து நாளையும் கணக்கில் வைத்துக்கொண்டு முன்கூட்டியே வாங்குங்கள்.