காலண்டரைக் கிழிக்கும் முன்...

மே மாதம் வந்தால் போதும், நம் ஜனங்களுக்கு ஊட்டி ஞாபகம் வந்துவிடும். ஒரே நேரத்தில், ஒரே ரோட்டில், எல்லோருக்கும்! கூட்டம் தாங்காமல் ஹைகோர்ட் உத்தரவு போட்டு, 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. அதே வருஷம் இத்தாலியில் வெனிஸ் நகரமும் ஒரு வேலை செய்தது. கூட்டம் அதிகமுள்ள நாட்களைப் பட்டியல் போட்டு, அன்றைக்குப் பகலில் வந்து சுற்றிவிட்டுப் போகிறவர்களுக்கு 5 யூரோ டிக்கெட் போட்டது. ராத்திரி தங்குகிறவர்களுக்கு அந்த டிக்கெட் கிடையாது!

கூட்டமில்லாத நாளில் போ, ஒரு ராத்திரி தங்கு. இவ்வளவுதான் சூட்சுமம். வெனிஸுக்குச் சரிப்படுவது திருத்தணிக்கும் திருவாலங்காட்டுக்கும் சரிப்படாதா என்ன?

சிரிக்காதீர்கள். நான் பி.காம். படித்தவன், கணக்கோடுதான் பேசுவேன். இன்றைக்கு விற்காத கத்தரிக்காயை நாளைக்கு விலை குறைத்து விற்கலாம். லாட்ஜ் ரூமை அப்படி விற்க முடியாது. இன்று ராத்திரி காலியாகக் கிடந்தால் கிடந்ததுதான். ஆகவே, சாவிகள் வரிசையாகத் தொங்குகிற நாளில் மேனேஜர் நம்மைப் பார்த்துச் சிரிப்பார். தொங்காத நாளில் நாம் அவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும்!

சாவி எந்த நாளில் தொங்கும்? உங்கள் வீட்டுத் தினசரி காலண்டரே சொல்லும். திருத்தணியில் செவ்வாய், ஞாயிறு, கிருத்திகை, முகூர்த்த நாள், இந்த நான்கும் கூடாது. முகூர்த்தத்தன்று ரூமெல்லாம் கல்யாண பார்ட்டி கையில். ஆடிக் கிருத்திகையும், டிசம்பர் 31 படித் திருவிழாவும் பக்கத்திலேயே போகாதீர்கள். மார்கழித் திருவாதிரைக்குத் திருவாலங்காடு நிரம்பி வழியும். இதெல்லாம் போக மிச்சம் எக்கச்சக்கமான நாள் இருக்கிறது.

என் ஓட்டு புரட்டாசிப் புதன்கிழமைக்கு. புரட்டாசியில் கல்யாணம் அபூர்வம்; ஜனங்களும் பெருமாளைத் தேடிப் போய்விடுவார்கள். மாமா ஊரில் கூட்டம், மருமகன் ஊரில் காற்று! (சனிக்கிழமை மட்டும் வேண்டாம். திருப்பதி போகிற கும்பலில் ஒரு பகுதி இந்த ரோட்டில்தான் போகும்.)

வீட்டில் இதைச் சொன்னதும், "விசேஷம் எதுவும் இல்லாம எதுக்குங்க லாட்ஜு?" என்றாள் மனைவி. நியாயமான கேள்வி. அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயசு. இத்தனை வருஷத்தில் அவள் வெளியூரில் தங்கிய ராத்திரிகளை எண்ணிப் பார்த்தேன். எல்லாம் கல்யாணம் அல்லது கருமாதி. காரணமே இல்லாமல் ஒரு ராத்திரி கூட இல்லை!

கிளம்பிவிட்டோம். சென்னையிலிருந்து புறநகர் ரயில் திருத்தணிக்கே போகிறது. திருவாலங்காடு சின்ன ஊர். ரூமுக்குத் திருத்தணிதான் சௌகரியம்.

இப்போது ரூம் விஷயம். "நகரின் மையப் பகுதியில்" என்று எல்லா லாட்ஜ் விளம்பரமும் சொல்லும். எல்லாமே மையத்தில் இருந்தால் ஓரத்தில் என்னதான் இருக்கிறது? "சன்னதிக்கு மிக அருகில்" என்பதும் அப்படித்தான். பருந்துக்கு அருகில். நமக்கு நடுவே 365 படி! (முட்டிவலிக்காரர்கள் கவலைப்பட வேண்டாம், மலைக்கு மேலேயே வண்டி போகும்.) ரயிலடி, பஸ் ஸ்டாண்டு, மலையடிவாரம் மூன்றுக்கும் ஆட்டோ என்ன கேட்கும் என்று விசாரியுங்கள். அதுதான் மையத்துக்கு அளவுகோல்.

அடுத்தது பேரம். ஆப்பில் புக் பண்ணினால் லாட்ஜ்காரர் அதற்குக் கமிஷன் கொடுக்கிறார். நேராகப் போன் போட்டு, "கமிஷன் மிச்சம்தானே சார், நமக்கு என்ன குறைப்பீங்க?" என்று கேளுங்கள். 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவில் இருந்த ஊர் இது. தெலுங்கிலும் பேரம் நடக்கும். 24 மணி நேர செக்-அவுட்டா, பகல் 12 மணி செக்-அவுட்டா என்பதும் முக்கியம். 12 மணி என்றால், சாயந்திரம் ஆறுக்குப் போய் இறங்குகிறவருக்குக் கால் நாள் நஷ்டம். பணம் கட்டும் முன் ரூமைப் பாருங்கள். குழாயைத் திறங்கள், ஜன்னலைத் திறங்கள். ஜன்னலுக்குக் கீழே ஜெனரேட்டரோ கல்யாண மண்டபமோ இருந்தால் வேறு ரூம்! 7,500 ரூபாய் வரையிலான ரூமுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12-லிருந்து 5 சதவீதமாகிவிட்டது. 1,200 ரூபாய் ரூமில் 84 ரூபாய் மிச்சம்.

சாயந்திரம் திருவாலங்காடு போனோம். நடராஜரின் ஐந்து சபைகளில் இது ரத்தின சபை. காரைக்கால் அம்மையார் தலையாலேயே நடந்து வந்ததாகச் சொல்லப்படும் தலம். சோழர் வம்சாவளியைச் சொல்லும் ராஜேந்திர சோழனின் செப்பேடுகள் 1905-ல் கிடைத்ததும் இந்த ஊரில்தான். இத்தனை பெருமைக்கும் அன்றைக்குச் சன்னதியில் நாங்கள் நாலு பேர், குருக்கள் ஒருவர். அம்மா காலைத் தூக்கி ஆடும் நடராஜரையே பார்த்தபடி நின்றாள். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். அப்புறம் திரும்பி, ரகசியமாகக் கேட்டாள்:

"ஏண்டா, இன்னும் யாரும் நகருங்க நகருங்கன்னு சொல்லலையே?"

"சொல்ல மாட்டாங்கம்மா. நில்லு."

நின்றாள். ராத்திரி லாட்ஜில், "காலைல டிபனுக்கு என்ன பண்றது?" என்று மனைவியும் அம்மாவும் ஒரே குரலில் ஆரம்பித்து, ஞாபகம் வந்து சிரித்துக்கொண்டார்கள். அந்தச் சிரிப்பை எந்தக் கணக்கில் வரவு வைப்பது என்று பி.காமில் சொல்லித் தரவில்லை.

அதன்பின் எங்கள் வீட்டில் காலண்டர் தாளை அம்மா கிழித்ததும் அடுத்த தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிறாள்.

"டேய், வர்ற புதன்கிழமை முகூர்த்தம் இல்லை, பாத்துக்கோ!"