ஓரடி நாக்கைத் தேடி

1862 ஜனவரியில் இங்கிலாந்தில் சார்லஸ் டார்வின் வீட்டுக்கு ஒரு பெட்டி வந்தது. உள்ளே மடகாஸ்கர் தீவின் ஆர்க்கிட் மலர்கள். நட்சத்திரம் போல வெள்ளைப் பூ. பின்னால் சாட்டை மாதிரி தொங்கும் பச்சைக் குழல். நீளம் 11.5 அங்குலம். தேன் இருந்ததோ அடியில் ஒன்றரை அங்குலத்தில் மட்டும்.

இவ்வளவு ஆழத்தில் தேனை ஒளித்து வைத்தால் யார் வந்து குடிப்பது?

டார்வின் ஊசியை விட்டுப் பார்த்தார். மயிரிழையை விட்டுப் பார்த்தார். மெல்லிய உருளை ஒன்றைக் குழலின் அடிவரை அழுத்தி இழுத்தபோதுதான் மகரந்தம் ஒட்டிக்கொண்டு வந்தது. மடகாஸ்கரில் 10, 11 அங்குல நாக்குள்ள விட்டில் பூச்சி இருந்தாக வேண்டும் என்று எழுதினார். பூச்சியியல் நிபுணர்கள் சிலர் கேலி செய்தார்கள்.

இத்தனை அதிசயமான பூவைப் படைப்பாளிதான் திட்டமிட்டிருக்க முடியும் என்றார் ஆர்கைல் பிரபு. 1867ல் ஆல்ஃபிரட் வாலஸ் பதில் சொன்னார். நாக்கு குழலைவிட நீளமானால் பூச்சி தலையை நுழைக்காமலே தேனைக் குடித்துவிட்டுப் போய்விடும், மகரந்தம் ஒட்டாது. எனவே நீளக் குழல் உள்ள பூவுக்கே விதை. நீள நாக்குள்ள பூச்சிக்கே வயிறு நிறையத் தேன். தலைமுறை தலைமுறையாக இரண்டும் போட்டி போட்டு நீண்டன. அந்தப் பூச்சி ஹாக் மாத் வகை விட்டிலாகத்தான் இருக்கும், நெப்டியூன் கிரகத்தைத் தேடிய நம்பிக்கையோடு தேடலாம் என்றார்.

தேடியது வீண்போகவில்லை. 1903ல் ராத்ஸ்சைல்டும் ஜோர்டனும் மடகாஸ்கர் விட்டிலை விவரித்து 'பிரெடிக்டா' (முன்பே சொல்லப்பட்டது) என்று பெயரிட்டார்கள். டார்வின் இறந்து 21 வருஷம் ஆகியிருந்தது! ஆனாலும் அது ஆப்பிரிக்க இனத்தின் கிளை என்றே சேர்க்கப்பட்டது. அது இந்தப் பூவில் தேன் குடிப்பதைப் படமெடுக்க 1990கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2021ல்தான் தனி இனம் என்ற அந்தஸ்து. அப்போது அளந்த ஒன்றின் நாக்கு 28.5 சென்டிமீட்டர்.

வாலஸின் விளக்கத்தை எல்லோரும் ஏற்கவில்லை. பூவில் பதுங்கியிருக்கும் சிலந்தியிடமிருந்து தள்ளி நின்று குடிக்கவே நாக்கு நீண்டது என்கிறார் ஜெர்மன் ஆய்வாளர் வாஸர்தால். வாலஸின் கணக்கே எனக்கு இன்னும் நேர்த்தியாகப் படுகிறது. நேர்த்தி நிரூபணமாகாது, அது வேறு விஷயம்.

டார்வின் இன்னொன்றும் சொன்னார். அந்த விட்டில் அழிந்தால் ஆர்க்கிடும் அழியும். இரண்டும் வாழும் கிழக்கு மடகாஸ்கரின் தாழ்நிலக் காடுகளில் பெரும்பகுதி, மலைநெல்லுக்காகவும் மரத்துக்காகவும் வெட்டியும் எரித்தும் ஏற்கெனவே போய்விட்டது.