மண்ணைக் கேட்டு மரம் நடு!

தோழா!

மாலைகள் வந்துவிட்டன, புகைப்படக்காரரும் வந்துவிட்டார். குழியிலே கன்று, கையிலே குவளை, வாயிலே முழக்கம்! கைத்தட்டல் ஓய்கிறது, கூட்டம் கலைகிறது, திரை விழுகிறது. இரு திங்கள் கழித்துச் சென்று பார். குழி இருக்கும், கூண்டு இருக்கும், கூண்டிலே நம் பெயர்ப்பலகையும் இருக்கும். கன்று மட்டும் இராது! நாடகம் எழுதிப் பழகியவன் நான். முதற்காட்சியிலேயே கதாநாயகனைக் கொன்றுவிடும் நாடகத்தை நம் மரநடு விழாக்களிலேதான் காண்கிறேன். 'நம்' என்றே சொல்கிறேன். மாற்றாரை மட்டும் சாடிவிட்டுத் தப்பிக்கொள்ள மனமில்லை.

கன்றைக் கொன்றது யார்? வெயில் என்பர். இராமநாதபுரத்து வெயில் என்ன, நேற்று வந்த விருந்தாளியா? அந்த வெயிலிலேதான் பனை நிமிர்ந்து நிற்கிறது. உடைமரம் குடை விரிக்கிறது. வேம்பு பங்குனியிலே தளிர்க்கிறது. ஊரே கருகும் வேளையில் புங்கு புத்திலை போர்த்து நிழல் தருகிறது. கொன்றது வெயிலன்று; காலமறியாமையும் இடமறியாமையும்!

காலத்தைப் பார். ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள். அன்று நடுகிறோம். தென்மேற்குப் பருவமழை கொட்டும் நாட்டுக்கு அது பொருந்தும். இராமநாதபுரத்துக்குப் பெருமழை தருவதோ வடகிழக்குப் பருவக்காற்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரை. இடையிலுள்ள நான்கு திங்களும் அந்தப் பச்சைக் குழந்தைக்குப் பாலூட்டுவது யார்? உலகத்தின் நாட்காட்டி உலகத்துக்கு. நடவுக்கு நம் ஐப்பசி!

இடத்தைப் பார். பச்சையாய் இருந்தால் போதும் என்றெண்ணியதன் விளைவை அறிவாய். அமெரிக்கக் கண்டத்துச் சீமைக் கருவேலத்தை 19ஆம் நூற்றாண்டிலே இந்நாட்டுக்குக் கொண்டுவந்தனர். விறகாகும், வேலியாகும் என்று வரவேற்றோம். ஆடும் மாடும் காயைத் தின்றன. சாணத்தோடு விதை ஊரூராய்ச் சென்றது. வேலியாக வந்தது வயலை விழுங்கிற்று, கண்மாயைக் கவர்ந்தது. அயல் தாவரங்களை அகற்றுதற்கென்றே 2022இல் தமிழக அரசு கொள்கை வகுக்க வேண்டியதாயிற்று.

வெட்டுவோம், வேரோடு பறிப்போம் என்கிறாய். பறிக்கத்தான் வேண்டும், வெட்டி மட்டும் விட்டால் அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும். ஆனால் ஒன்றை மறவாதே! அந்த முள்ளை வெட்டி, மூட்டம் போட்டு, கரியாக்கி விற்று உலையேற்றும் ஏழை அங்கே இருக்கிறான். மழை பொய்த்த ஆண்டிலே அவனுக்குச் சோறிட்டது அந்த முள்தான், நீயுமல்ல, நானுமல்ல! முள்ளைப் பறிக்கும்போது அவன் பிழைப்பையும் பறிப்போமானால், அது சீர்திருத்தமன்று, கொடுமை. ஆகவே, பறிக்கும் கூலி அவனுக்கு. நடும் கூலி அவனுக்கு. கன்று வேரூன்றும்வரை மூன்று கோடைகள் நீரூற்றிக் காக்கும் கூலியும் அவனுக்கே என்று திட்டம் தீட்டு. விழாவுக்குச் செலவிடும் பணத்தை அவன் கையிலே கொடு. கன்றும் பிழைக்கும், அவனும் பிழைப்பான்!

எதை நடுவது? மண்ணைக் கேள், அது சொல்லும். கண்மாய்க் கரையிலே மருதும் நாவலும். நீர் தேங்கும் உட்புறத்திலே நாட்டுக் கருவேலம். தெருவோர மேட்டிலே வேம்பும் புங்கும். வேம்பைப் பள்ளத்திலே வைத்தால், தேங்கும் நீரில் வேர் அழுகும். உப்புக்காற்று வீசும் கரையோரம் பூவரசும் புன்னையும். மணற்பாங்கிலே பனை, நட்டவன் பேரன்தான் நுங்கு தின்பான் எனினும் நடு!

மலரையும் மரத்தையும் கொண்டே நிலத்துக்குப் பெயர் கண்டவன் தமிழன். மருதம் வேறு, பாலை வேறு என்று பிரித்தறிந்தான். அவன் வழிவந்த நாம், எந்த மண்ணுக்கு எந்த மரம் என்று கேளாமல் குழி தோண்டலாமா?

அடுத்த விழாவுக்கு அழைக்கிறாயா, தோழா? ஐப்பசியில் அழை, மண்வெட்டியோடு வருகிறேன். மாலை வேண்டாம். மூன்று கோடை கழித்து மீண்டும் அழை. அந்த மரத்தின் நிழலிலே நின்று பேசுகிறேன்!