சொன்னதைச் சொன்னபடி எழுத ஓர் ஆள் வேண்டும்



பெரிய ஆளானால் என்ன வேலைக்குப் போவாய் என்று கேட்டால் நம் வகுப்பில் டாக்டர், டீச்சர், போலீஸ், கலெக்டர் என்று நாலு பதில்தான் வரும். நான் கோர்ட்டில் ஸ்டெனோ என்று சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. "அது தாத்தா காலத்து வேலைடி, இப்ப யாரு அதுக்குப் போறாங்க?" என்றாள் ஒருத்தி. அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்டெனோ என்றால் சுருக்கெழுத்தர். புதுச்சேரி கடலூர் சாலையில் இருக்கும் நீதிமன்ற வளாகத்தைப் பஸ்ஸில் போகும்போது எல்லாரும் பார்த்திருப்போம். கோர்ட்டில் சாட்சி வாயால் சொல்வதை எழுத்தாக்க வேண்டும். எழுதியதைச் சாட்சிக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பது சட்டம். மேல்முறையீடு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனால் சாட்சி அங்கே திரும்ப வந்து பேசுவதில்லை. அவர் சொன்னது தாளாகத்தான் போகும். தாளில் தப்பு இருந்தால் தீர்ப்பே மாறிவிடும் அல்லவா?

ஓர் உதாரணம் சொல்கிறேன். நம்ம பக்கத்துப் பாட்டி ஒருத்தர், "அவன் அந்தப் பொண்ண இட்டுக்கினு போனான்" என்று சொன்னால் கூட்டிக்கொண்டு போனான் என்று பொருள். "இஸ்துக்கினு போனான்" என்றால் இழுத்துக்கொண்டு போனான். கேட்க ஒரே மாதிரிதான் இருக்கு. ஆனால் ஒன்றில் அந்தப் பெண் கூடப் போகிறாள், இன்னொன்றில் பலாத்காரம் நடக்கிறது. இந்த வித்தியாசம் நம் பேச்சுத் தமிழ் தெரிந்த காதுக்குத்தான் பிடிபடும்.

இது கற்பனைப் பயம் இல்லை. நம் புதுச்சேரியிலேயே நடந்திருக்கிறது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் நைனியப்ப பிள்ளை என்பவர் கம்பெனியின் துபாஷியாக இருந்தார். நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் உறவினர். 1716-இல் அவரைக் கைது செய்து தண்டனை கொடுத்தார்கள். சாட்சிகள் தமிழில் சொன்னார்கள், அதைப் போர்த்துகீசிய மொழிக்கு மாற்றினார்கள், கடைசியில் பிரெஞ்சில் எழுதினார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கையெழுத்துப் போட்டோம் என்று சாட்சிகள் பிறகு சொன்னார்கள். அவர் குற்றமற்றவர் என்ற முடிவும் வந்தது. என்ன பிரயோசனம்? 1717-இல் அவர் சிறையிலேயே இறந்துபோய்விட்டார்.

சரி, இதை எப்படிப் படிப்பது? சுருக்கெழுத்தை இங்கிலாந்தில் ஐசக் பிட்மன் 1837-இல் வெளியிட்டார். எழுத்தைப் பார்த்து எழுதாமல் ஒலியைக் கேட்டு எழுதும் முறை அது. மெய்யெழுத்துக்குக் கோடு, உயிரெழுத்துக்குப் புள்ளியும் சிறு கோடும். வேகமாக எழுதும்போது புள்ளியை விட்டுவிடுவார்கள். அப்போது படி, பாடி, பீடி எல்லாம் கிட்டத்தட்ட ஒரே கோடாக நிற்கும். எது என்று வாக்கியத்தைப் புரிந்துகொண்டுதான் படிக்க வேண்டும். ஆகவே இது கைவேலை மட்டும் இல்லை, மூளைவேலை.

நாங்கள் மூன்று பேர் கடிகாரம் வைத்து எழுதிப் பார்த்தோம். நிமிடத்துக்கு 15 சொல்லுக்கு மேல் ஓடவில்லை. தமிழ்நாடு தொழில்நுட்பக் கல்வித் துறை நடத்தும் சுருக்கெழுத்துத் தேர்வில் ஜூனியருக்கு 80 சொல், சீனியருக்கு 120 சொல்! இதோடு தட்டச்சில் லோயர், ஹையர் பாஸ் செய்ய வேண்டும். தினமும் ஒரு மணி நேரம் டைப் கிளாஸ் போகிற அக்காக்களை இனிமேல் சாதாரணமாக நினைக்காதீர்கள்.

வேலை கிடைக்குமா? தமிழ்நாட்டில் குரூப் 4 தேர்வில் சுருக்கெழுத்துத் தட்டச்சர் பணி இருக்கிறது. பத்தாவது தேர்ச்சியும் இந்தச் சான்றிதழ்களும் கேட்பார்கள். மத்திய அரசின் எஸ்.எஸ்.சி. ஸ்டெனோகிராபர் தேர்வுக்குப் பிளஸ் டூ வேண்டும். ஆனால் அதன் திறன் தேர்வு ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் நடக்கிறது. தமிழில் 120 சொல் எழுதுகிறவளுக்கு அங்கே இடமில்லை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. அதற்காகத் தமிழை விட வேண்டாம், இரண்டையும் படிப்போம்.

"எல்லாம் கம்ப்யூட்டரே எழுதிடும்" என்பது அடுத்த பேச்சு. உண்மைதான். உச்ச நீதிமன்றத்தில் 2023 பிப்ரவரியில் செயற்கை நுண்ணறிவால் வாதங்களை எழுத்தாக்கத் தொடங்கினார்கள். கேரளக் கீழ் நீதிமன்றங்களில் சாட்சியத்துக்கும் 2025 நவம்பரில் இது வந்துவிட்டது. வரட்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இட்டுக்கினு, இஸ்துக்கினு என்பதை மெஷின் மாற்றி எழுதினால் யார் திருத்துவது? கேட்கவும் படிக்கவும் பழகிய ஓர் ஆள் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். வேலையின் உருவம் மாறும், தேவை போகாது என்பது என் கருத்து.

கடைசியாக ஒரு வேண்டுகோள். டைப் கிளாஸ் ஃபீஸும் பஸ் செலவும் எல்லா வீட்டிலும் முடியாது. பெண் பிள்ளை சாயங்காலம் தனியாக டவுனுக்குப் போவதற்கும் சில வீடுகளில் விடமாட்டார்கள். நம் பள்ளியிலேயே வாரம் இரண்டு நாள், கடைசி பீரியடில் தட்டச்சும் தமிழ்ச் சுருக்கெழுத்தும் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்யலாமே! தலைமையாசிரியர் ஐயா அவர்கள் மனது வைக்க வேண்டும். சேர விருப்பம் உள்ளவர்கள் இந்தத் தாளின் கீழே பெயர் எழுதுங்கள். முதல் பெயரை நான் எழுதிவிட்டேன்.

– 9-ஆம் வகுப்பு மாணவி