ஒரிஜினல் என்றொரு பொய்

சித்தப்பாவின் அம்பாசிடர் 1971ஆம் வருடத்து மார்க் 2. திருக்கனூரில் பிரசவம், கல்யாணம், சாவு என்று எல்லா அவசரத்துக்கும் ஓடிய வண்டி. அவர் போன பிறகு ஆறு வருடம் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. அதை மறுபடியும் ரோட்டில் இறக்கப் போகிறேன் என்று வாய்விட்டுச் சொன்னதுதான் தாமதம், இரண்டு வகை ஆட்கள் அறிவுரையோடு வந்துவிட்டார்கள்.

முதல் வகை, பழைய கார் சேகரிக்கிற சென்னை நண்பர். "ஒரு போல்ட்கூட மாத்தாத. ஒரிஜினலா வை. அதுக்குத்தான் மதிப்பு." இரண்டாவது வகை, எங்கள் ஊர்ப் பையன்கள். "அந்த இரும்ப எடைக்குப் போட்டுட்டு ஜப்பான் இன்ஜின் ஒண்ணு இறக்குண்ணா. பறக்கும்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கேலி செய்வார்கள். ஆனால் இருவருக்கும் ஒரு விஷயத்தில் ஒற்றுமை உண்டு. பழைய இன்ஜினுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் பொறுமை இருவருக்குமே கிடையாது. ஒருவருக்கு அது சாமி சிலை, இன்னொருவருக்கு அது குப்பை. நான் இருவரோடும் சண்டை போடத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரிஜினல் பக்தர்கள். அம்பாசிடரில் எது ஒரிஜினல்? 1950களின் இறுதியில் அது வந்தபோது சைடு வால்வு இன்ஜின். கொஞ்ச காலத்தில் 1489 சிசி ஓவர்ஹெட் வால்வு இன்ஜின் வந்தது. பிறகு டீசல் வந்தது. 1992இல் இசுசுவின் 1.8 லிட்டர் வந்தது. செய்தவர்களே இத்தனை முறை நெஞ்சைத் திறந்து மாற்றியிருக்கிறார்கள். நாம் மட்டும் கைவைக்கக் கூடாதாம்.

அதை விடுங்கள். பெட்ரோல் ஒரிஜினலா? 1971இல் இந்த வண்டி குடித்த பெட்ரோலில் ஈயம் இருந்தது. அந்த ஈயம் வால்வு சீட்டின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து தேய்மானத்தைத் தடுத்தது. 2000இல் நாடு முழுக்க ஈயமில்லாப் பெட்ரோல் வந்துவிட்டது. அம்பாசிடரின் ஹெட் வார்ப்பிரும்பு. சீட் அந்த இரும்பிலேயே கடைந்தது. ஈயம் போன பிறகு எக்ஸாஸ்ட் வால்வு அதைத் தட்டித் தட்டிக் குழியாக்கும். கடினமான சீட் வளையம் இறக்கித்தான் காப்பாற்ற முடியும்.

இப்போது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்தமான பெட்ரோல் ஒரு கிராம் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். எத்தனாலுக்கு ஒன்பது போதும். இரண்டும் கலந்தால் பதிமூன்றரை பக்கம் வரும். அதாவது அதே காற்றுக்கு இன்னும் கொஞ்சம் அதிக எரிபொருள் வேண்டும். பழைய ஜெட் அளவு அப்படியே இருந்தால் கலவை வறண்டுபோகும், இன்ஜின் சூடேறும், வால்வு கருகும். பழைய ரப்பர் குழாய்கள் ஊறி விரிசல் விடும். ஆக, ஒரு போல்ட்டையும் மாற்றாமல் பக்தியோடு வைத்திருப்பவர்தான் தன் வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்கிறார்.

இந்தப் பக்தி இப்போது அரசு விதியிலும் ஏறிவிட்டது. 2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதிப்படி, ஐம்பது வருடம் தாண்டி, சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் இருந்தால்தான் அது விண்டேஜ் வண்டி. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். அதையும் அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி மாதிரி விஷயங்களுக்குத்தான். அந்த வழி வேண்டாம், நான் தினமும் ஓட்டப் போகிறேன் என்றால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சாதாரணப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600இலிருந்து 5,000 ஆனது, இருபது வருடம் தாண்டிய காருக்கு 2025இல் 10,000. கொட்டகை கட்டி, ஆள் வைத்துத் துடைத்து, வருடத்துக்கு ஒருநாள் பேரணிக்கு எடுத்துப்போகிறவரை மனதில் வைத்து எழுதிய விதி இது. அதே வண்டியில் உர மூட்டை ஏற்றிக்கொண்டு வில்லியனூர் வரை போய் வருகிறவரை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

அடுத்து, இன்ஜின் மாற்றும் கட்சி. சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. ஆனால் என் கோபம் சட்டம் சம்பந்தப்பட்டது அல்ல. நாலு சக்கரமும் டிரம் பிரேக் உள்ள வண்டியில் இரண்டு மடங்கு சக்தியைக் கொண்டுவந்து வைத்தால், வளைவில் எதிரே வரும் கரும்பு டிராக்டருக்கு யார் பதில் சொல்வது? பறக்கும் சரி. நிக்குமா?

இதைவிடப் பெரிய விஷயம், நீங்கள் எடைக்குப் போடச் சொல்வது எதை என்பது. 1955இல் இங்கிலாந்தில் எம்ஜிஏ என்று ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. உலகமே ஆசைப்பட்ட கார். அதன் இன்ஜின் பிஎம்சி பி சீரிஸ், 1489 சிசி. அம்பாசிடரின் இன்ஜினும் அதே குடும்பம், அதே 1489 சிசி. அங்கே 72 குதிரைத்திறன் வரை கொடுத்தது, இங்கே ஐம்பது பக்கம். ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைதான். ஒன்றை ஓடவிட்டார்கள், இன்னொன்றைச் சுமை தூக்க விட்டார்கள். வித்தியாசம் கம்ப்ரஷனில், வால்வில், கேம்ஷாஃப்ட்டில், கார்புரேட்டரில் இருக்கிறது.

சரி, கையில் காசு இல்லாதவன் இதில் என்ன செய்ய முடியும்? நிறைய. இங்கேதான் என் முக்கியமான வாதம். குறைந்த செலவு என்பது டியூனிங்கின் ஏழை வடிவம் இல்லை. அதுதான் டியூனிங். காசு இருப்பவன் பொருள் வாங்குவான், காசு இல்லாதவன் அளந்து பார்ப்பான்.

எனக்கும் முதலில் வாங்குகிற ஆசைதான். எம்ஜிஏ மாதிரியே இரட்டைக் கார்புரேட்டர் போடலாம் என்று எங்கள் மெக்கானிக் அண்ணனிடம் போய் நின்றேன். பம்ப்செட், டிராக்டர் என்று நாற்பது வருடம் பார்த்தவர். சிரித்தார். "மூச்சு விடவே வழியில்லாதவனுக்கு ரெண்டு மூக்கு எதுக்கு தம்பி? மொதல்ல நெஞ்சு சளிய எடு."

அவர் வாங்கிவரச் சொன்னது மெடிக்கல் ஷாப்பில் ஒரு சிரிஞ்சும், கண்ணாடிக் கடையில் ஒரு சின்னத் துண்டும்தான். ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, வால்வை மூடி, கண்ணாடியால் அடைத்து, எண்ணெயை ஏற்றி ஒவ்வொரு அறையும் எத்தனை மில்லி பிடிக்கிறது என்று பார்த்தோம். நாலும் நாலு கணக்கு. ஒரு சிலிண்டர் 372 சிசி. கம்ப்ரஷன் 7.2 என்றால் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது கேஸ்கெட் இடம் எல்லாம் சேர்த்து 60 சிசி மிச்சம் இருக்க வேண்டும். எம்ஜிஏவின் 8.3 வேண்டுமென்றால் 51 சிசி. அந்த ஒன்பது சிசியைக் குறைக்க ஹெட்டை எவ்வளவு சீவ வேண்டும் என்பது பத்தாங்கிளாஸ் கணக்கு. பழைய பெட்ரோலில் இப்படி ஏற்றியிருந்தால் தட்டல் சத்தம் வரும் என்று பயப்பட வேண்டும். எத்தனால் ஆக்டேனை உயர்த்துவதால் இன்றைக்கு அதற்கு இடம் இருக்கிறது. சாபமாக வந்ததையே கொஞ்சம் வரமாக்கிக்கொள்ளலாம்.

பிறகு போர்ட். இந்த ஹெட்டில் இன்லெட் இரண்டே வாசல்தான், இரண்டு சிலிண்டருக்கு ஒன்று. அதைப் பெரிதாக்க வேண்டியதில்லை. வார்ப்பில் விட்ட பிசிறையும், மேனிஃபோல்டும் ஹெட்டும் சேரும் இடத்தில் இருக்கும் படியையும் தேய்த்தாலே போதும். கனெக்டிங் ராடுகளையும் பிஸ்டன்களையும் நகைக்கடைத் தராசில் வைத்து எடை சமமாக்கினோம். எஸ்யு கார்புரேட்டரின் அடி நட்டைத் திருப்பி ஜெட்டை இறக்கிக் கலவையைச் செழிப்பாக்க காசே வேண்டாம், பிளக்கின் நிறத்தைப் படிக்கத் தெரிந்தால் போதும். போரிங், புது பிஸ்டன், சீட் வளையம், புது பிரேக் லைனிங் இவற்றுக்குத்தான் காசு போனது. போகவேண்டிய இடமும் அதுதான்.

இது ரேஸ் இன்ஜின் இல்லை. கிராங்க் மூன்று பேரிங்கில்தான் சுற்றுகிறது, கண்டபடி விரட்டினால் கோபித்துக்கொள்ளும். ஆனால் நாலு பேரை ஏற்றிக்கொண்டு மேட்டில் கியர் மாற்றாமல் ஏறுகிறது. ஆர்சி புத்தகத்தில் உள்ள இன்ஜின் நம்பர் மாறவில்லை, மாடல் மாறவில்லை.

இதையெல்லாம் புதிதாகக் கண்டுபிடித்ததாக நான் சொல்லவில்லை. இரண்டாம் உலகப்போர் கால ஓடுதளமான சோழவரத்தில் ஃபியட்டும் ஹெரால்டும் ரேஸ் ஓடிய காலத்தில் இதுதான் வழி. கோவையில் கரிவரதன் மாருதி 800இன் 796 சிசி இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் செய்தார், காசு கம்மியாக இருக்கிற பையன்களும் ஓட்டவேண்டும் என்பதற்காக. அந்த ஃபார்முலா மாருதியில் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் வரை போனார். இல்லாததைப் பார்த்து ஏங்காமல் இருப்பதை அளந்து பார்த்த மரபு நமக்கு உண்டு.

இப்போது அழிந்துகொண்டிருப்பது அதுதான். வண்டி அல்ல. லிங்காரெட்டிப்பாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை மூடிக்கிடக்கிறது. அங்கே மைக்ரோமீட்டர் பிடித்த கைகள் எல்லாம் எங்கெங்கோ போய்விட்டன. எங்கள் மெக்கானிக் அண்ணனின் பையன் கம்பெனி வேலைக்குப் போகிறான், போகட்டும், நல்ல சம்பளம். ஆனால் விரல் நகத்தை வைத்தே சிலிண்டரில் தேய்மான விளிம்பைச் சொல்லிவிடுகிற அந்தக் கையின் அறிவு எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஒரிஜினல் பக்தர்கள் அந்தக் கையைத் தொடவிட மாட்டார்கள். இன்ஜின் மாற்றும் கட்சிக்கு அந்தக் கை தேவையே இல்லை. இருவருக்கும் நடுவில் அது வேலையில்லாமல் சாகிறது.

ஆகவே கேட்கிறேன். அசல் வடிவம் என்ற விதியில், இன்றைய எரிபொருளுக்கும் பிரேக்குக்கும் வேண்டிய மாற்றங்கள் விலக்கு என்று ஒரு வரி சேர்க்க என்ன கஷ்டம்? உங்களிடமும் கேட்கிறேன். பழைய காரின் படத்துக்குக் கீழே இதயம் போடுகிற நேரத்தில், உங்கள் ஊர் லேத் பட்டறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்ததுண்டா?

நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கியிருக்கிறேன். அண்ணன் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். முதல் பக்கத்தில் நாலு அறைகளின் மில்லி கணக்கு இருக்கிறது. "இத போயி எதுக்கு தம்பி எழுதுற?" என்கிறார் அவர், கையைக் கழுவாமலே டீயைக் குடித்துக்கொண்டு.